பேற்றறை வாயிலும் மருத்துவச்சியும்

தமிழகத்தின் பழைய பெருவழிகளில் நடந்தோர் சுமைதாங்கிக் கல்லைக் கண்டிருப்பர். நட்ட கற்கள் இரண்டின்மேல் ஒரு கல்லைக் கிடையாக வைத்து அமைத்தது அது. தலைச்சுமையோடு வருவோன் பிறர் துணை வேண்டாது தன் சுமையை இறக்கி இளைப்பாறி, மீண்டும் தானே எடுத்துச் செல்லுதற்கு ஏற்ற உயரம் உடையது. கருவுற்ற நிலையிலோ பேற்று நோவிலோ உயிர்நீத்த பெண்ணின் நினைவாக அவள் சுற்றத்தார் இக்கல்லை நிறுவுதல் வழக்கம். தான் சுமந்ததை இறக்கி வைக்காமலே மாண்டவள் பொருட்டுப் பிறர் சுமையை இறக்கி வைக்க இடஞ்செய்தல் இவ்வழக்கத்தின் கருத்தாகும்.

இறந்த தாயர்க்கு இவ்வாறு கல் உண்டு. பிழைத்த தாயரைப் பிழைக்கச் செய்த கைகளுக்கு யாது சான்று உண்டு? ஊர்தோறும் ஒருத்தியோ இருவரோ இத்தொழில் புரிந்திருத்தல் வேண்டும். இன்று வாழும் நம்மில் பெரும்பாலோருடைய முன்னோர் இவர்தம் கையில் பிறந்தோரே. அங்ஙனமாகவும், அரசர் போரும் புலவர் வாழ்வும் ஆராயப்பட்ட அளவில் நூற்றில் ஒரு பங்கேனும் இத்தொழிலின் வரலாறு ஆராயப்படவில்லை. காரணம் வெளிப்படை. பேற்றறையின் வாயில் ஆடவர்க்கு அடைபட்டிருந்தது. எழுதுவோர் பெரும்பாலும் வாயிலுக்குப் புறத்தே நின்றனர். உள்ளிருந்தோர் எழுதும் வாய்ப்புப் பெற்றிலர். ஆகவே நமக்குக் கிடைக்கும் சான்றுகள் யாவும் வாயிலின் புறத்திருந்து கண்டவை. அவற்றைக் கொண்டு உள்ளே நிகழ்ந்ததை எத்துணை அறியலாம் என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

சொல்லும் பொருளும்

மருந்து என்பதன் அடியாகப் பிறந்தவை மருத்துவம், மருத்துவன் என்பன. மருத்துவன் என்பதற்குப் பெண்பாலாக அமைந்தது மருத்துவச்சி. சொல்லமைப்பை மட்டும் நோக்கின், நோய் தீர்க்கும் பெண் எவளையும் இச்சொல் குறித்தல் கூடும். ஆயின் வழக்கிலோ, பிள்ளைப்பேறு பார்ப்பவளுக்கே இஃது உரியதாகிவிட்டது. இக்காலத்தில் மருத்துவக் கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்ற பெண்ணைப் ‘பெண் மருத்துவர்’ என்கிறோமேயன்றி ‘மருத்துவச்சி’ என்பதில்லை. ஒரு சொல்லின் பொருள் இவ்வாறு சுருங்குதல் தற்செயலாக நிகழ்வதன்று. பெண்ணுக்கு வெளிப்படையாக உரித்தாக்கப்பட்ட மருத்துவத் துறை நெடுங்காலம் இஃது ஒன்றே என்பதைச் சொல்லே காட்டி நிற்கின்றது.

இத்தொழில் பல ஊர்களில் நாவிதர் குடியிற் பிறந்த மகளிரிடம் வழிவழியாக இருந்து வந்தது. அக்குடியின் ஆடவர் முடிதிருத்தலோடு புண்ணுக்கு மருந்திடுதல் முதலியனவும் செய்தனர். மருத்துவர் என்னும் பெயரும் அவர்க்கு வழங்கிற்று. மகளிர் பேறு பார்த்தனர். பேற்றறையில் அவள் கையையே நம்பி உயிரை ஒப்படைத்த குடும்பம், தீட்டுக் கழிந்தபின் அவளைத் திண்ணைக்கு அப்பால் நிறுத்தியதும் உண்டு. இத்தொழிலுடையோர்க்கு நம் சமுதாயம் காட்டிய மதிப்பின் அளவு இதனால் விளங்கும்.

சங்க இலக்கியச் சான்று

ஈன்ற அணிமையைக் குறிக்கப் புனிறு என்னும் சொல்லைத் தொல்காப்பியம் உரியியலில் எடுத்தோதுகின்றது. கருவுற்றாளது வேட்கையைக் குறிக்கும் வயா என்பதும் ஆண்டே கூறப்படுகின்றது. கற்பியலில், புதல்வனைப் பெற்ற தலைவி புனிறு தீர்ந்த காலத்து நெய்யாடும் நிகழ்ச்சி தலைவன் கூற்றுக்கு உரிய களன்களுள் ஒன்றாக வைக்கப்பட்டது. இவ்வளவு நுண்ணிய சொற்கள் ஒரு மொழியில் அமைந்திருத்தல், அத்துறையிற் பழகிய அறிவு அம்மக்களிடையே இருந்தமைக்குச் சான்றாகும்.

பேறு நிகழ்ந்த இல்லத்தை நேரே காட்டும் பாட்டு நற்றிணையின் 40ஆம் செய்யுள். மனையில் மணி ஒலிக்கின்றது. மணல் பரப்பிய பந்தரில் பாணர் காவல் பூண்டுள்ளனர். ஒருபால் மகளிர் நற்சொற் கேட்டு நிற்கின்றனர். விரித்த மெல்லிய துணிப் படுக்கையில் செவிலியோடு குழந்தை துயில்கின்றது. வெண்சிறுகடுகாகிய ஐயவியும் நெய்யும் அணிந்து நீராடிய தாய், களைப்பு மிகுந்து இமை பொருந்திக் கிடக்கின்றாள். அந்நிலையில், தன் தந்தையின் பெயரை ஏற்கும் மகன் பிறந்தமையால், தலைவன் நள்ளிரவில் கள்வனைப் போல வந்து சேர்கின்றான்.

இச்செய்யுளைப் பரத்தையின் கூற்றாகக் கொண்டு பொருள் காணுதலே மரபு. யாம் ஈண்டு நோக்குவன வேறு இரண்டு. முதலாவது, ஈன்ற அணிமையின் மணம் தாய்க்கன்றிச் செவிலிக்கு ஏற்றிக் கூறப்பட்டமை. குழந்தையை ஏந்தி அணைத்திருத்தலால் அம்மணம் அவள்பால் நாறியது எனலாம். பேற்றின்போதே அவள் உடனிருந்தாள் எனக் கொள்ளவும் இடமுண்டு. அங்ஙனமாயின் செவிலி என்பாள் வளர்ப்புத்தாய் மட்டும் அல்லள். பிறப்பின் வாயிலிலேயே குழந்தையை ஏற்றவளும் ஆவாள். இதனை முடிந்த முடிபாகக் கூறாது கருத்தாகவே வைக்கின்றோம். இரண்டாவது, தன் இல்லத்தினுள் தானே கள்வன்போற் புகும் தலைவனது நிலை. அவன் ஒழுக்கத்தை இடித்துரைத்தலே புலவர் நோக்கமாயினும், மகளிர் நின்று காக்கும் இடமாகப் பேறு நிகழ்ந்த மனை அமைந்திருந்தமையும் இதனால் புலனாகின்றது.

பிற்காலத்துச் சிலப்பதிகாரமும் இவ்வெல்லையைக் கடக்கவில்லை. மாதவி மகளைப் பெற்றதும், தீட்டு நாள் கழிந்தபின் முதிய கணிகையர் குழந்தைக்குப் பெயரிட முனைந்ததும், கோவலன் மணிமேகலா தெய்வத்தின் பெயரைச் சூட்டச் செய்ததும் அடைக்கலக் காதையில் மாடலன் வாயிலாகக் கூறப்படுகின்றன. பெயரிடும் விழா பாட்டில் இடம் பெற்றது; பேறு இடம் பெறவில்லை.

புராணங்கள் கூறும் இரு நிகழ்ச்சிகள்

பெரிய புராணத்துக் கோச்செங்கட் சோழர் வரலாறு யாவரும் அறிந்தது. கமலவதியார்க்குப் பேற்று நோவு கண்டபோது, ஒரு நாழிகை தாழ்த்துப் பிறக்குமாயின் இக்குழந்தை மூவுலகும் ஆளும் எனக் கணிப்போர் கூறினர். அவ்வேளை வருமளவும் தம் கால்களைக் கட்டித் தலைகீழாகத் தூக்குமாறு அரசியார் பணித்தார். குழந்தை சிவந்த கண்களோடு பிறந்தது. தாய் அதனைச் செங்கண்ணன் என அழைத்த அளவில் உயிர் நீத்தார். சேக்கிழார் இதனை முற்பிறவித் தொடர்பும் தாயன்பும் தோன்றக் கூறினார். வரலாற்று நோக்கில் காண்பார்க்கு இதன்கண் வேறோர் உண்மையும் புலப்படும். பேற்றறையின் புறத்திருந்து வந்த சொல், உள்ளே நிகழ வேண்டியதன் முறையை மாற்றிற்று. அதன் விலை ஒரு தாயின் உயிர். பேறு தாழ்த்தல் தாய்க்கும் மகவுக்கும் கேடு விளைக்கும் என்பதைக் கதையை வழங்கிய மக்கள் அறிந்தே இருந்தனர்.

மற்றொன்று திருச்சிராப்பள்ளித் தலபுராணச் செய்தி. கருவுற்ற வணிக குலப் பெண் இரத்தினாவதிக்குத் துணையாக அவள் தாய் வரவேண்டும். காவிரியில் வெள்ளம் பெருகியமையால் அத்தாய் அக்கரையில் நின்றுவிட்டாள். இறைவனே தாயின் வடிவில் வந்து பேறு பார்த்தான். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்தபோது இருவரையும் கண்டு வியந்தனர். தாயுமானவர் என்னும் பெயர்க்கு இதனைக் காரணமாகக் கூறுவர். இன்றும் மகப்பேறு நலமாக முடிதற்பொருட்டு அத்தலத்தில் வாழைத்தார் வைத்து வழிபடுதல் உண்டு.

நோய் தீர்க்கவும் வழக்குரைக்கவும் வரும் இறைவன் ஆடவன் வடிவிலே வருதலைப் புராணங்களிற் காண்கின்றோம். பேறு பார்க்கப் புகும்போது மட்டும் அவனும் பெண்ணாகவே வரவேண்டியிருந்தது. அடைபட்ட அவ்வாயிலின் வன்மைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. மேலும், தாய்வீட்டுத் துணை வந்து சேராமை எத்துணைப் பேரச்சத்தை விளைத்தது என்பதும் இக்கதையில் உறைந்து கிடக்கின்றது.

கல்வெட்டு தரும் செய்தி

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த அது, கோயிலைச் சார்ந்த வீரசோழன் என்னும் ஆதுலசாலையைப் பற்றி விரிவாகக் கூறுகின்றது. 15 படுக்கைகள், மருத்துவர் ஒருவர், அறுவை செய்வார் ஒருவர், மூலிகை கொணர்வார், பணிப்பெண்டிர், நாவிதர் ஆகியோர்க்கு உரிய நிவந்தங்கள் குறிக்கப்பட்டுள்ளன. ஓராண்டுக்குச் சேமித்து வைக்கவேண்டிய ஏறத்தாழ 20 மருந்துகளின் பெயர்களும் உள்ளன. இத்துணை நுணுக்கமாக எழுதப்பட்ட ஆவணத்தில் பேறு பார்ப்பவள் எனத் தனித்து ஒருத்தியும் குறிக்கப்படவில்லை. பேறு மருத்துவச் சாலையில் நிகழ்வதன்று, மனையில் நிகழ்வது என்பதே இதற்குக் காரணமாகலாம். கோயில் நிவந்தத்தின் கணக்கில் அவள் இடம் பெறாது போயினாள். அவளுக்குரிய ஊதியம் நெல்லாகவும் புடைவையாகவும் வீட்டு வாயிலிலேயே அளிக்கப்பட்டது; அதற்குக் கணக்கு எழுதுவார் இலர்.

மருத்துவச்சியின் அறிவு

அவள் செய்த தொழில் யாது? வயிற்றைத் தடவிப் பார்த்துக் குழந்தையின் தலை எப்பக்கம் உள்ளது எனக் கையால் அறிதல், நோவின் இடைவெளியை எண்ணிப் பேறு அணித்தா சேய்த்தா எனத் துணிதல், அஞ்சுகின்ற தலைப்பிள்ளைக்காரியைச் சொல்லால் தேற்றுதல், குழந்தையை ஏந்துதல், நச்சுக்கொடி முழுதும் வெளிப்படுமளவும் காத்திருத்தல், கொப்பூழ்க்கொடியை அறுத்துக் கட்டுதல், அழாத குழந்தையை அழச்செய்தல், நீராட்டுதல், தாய்க்குக் காயமருந்து இடித்துக் கொடுத்தல். இவை நூலிற் கற்றவை அல்ல. தாயோ மாமியோ பேறு பார்க்கச் செல்லும்போது உடன்சென்று, கையாற் பழகிப் பெற்றவை.

இவ்வறிவின் எல்லையையும் மறைக்காது கூறல் வேண்டும். குழந்தை குறுக்கே கிடப்பினும், குருதிப்பெருக்கு நில்லாது ஒழியினும், தாயின் இடுப்பெலும்பு குறுகியிருப்பினும் அவளால் செய்யத்தக்கது மிகுதியாக இருந்ததில்லை. தூய்மையற்ற கருவியால் கொடி அறுக்கப்பட்ட குழந்தைகள் சில நாட்களில் இசிவு கண்டு இறந்தன. அந்நோய்க்குக் காரணம் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர் என்பதை அக்காலத்தில் அவளும் அறியாள், உலகில் பிறரும் அறியார். சுமைதாங்கிக் கற்களின் தொகை இதற்குச் சான்று.

19ஆம் நூற்றாண்டின் மாற்றம்

சென்னையில் அரசினர் மகப்பேற்று மருத்துவமனை 1844இல் தொடங்கப்பெற்றது. எழும்பூரில் இன்று மகளிர், குழந்தைகள் மருத்துவமனையாக விளங்குவது அதுவே. மருத்துவச்சியர்க்குப் பயிற்சி அளிக்கும் பள்ளிக்கு அரசு 1854இல் இசைவு தந்தது. வழிவழிப் பழக்கத்தால் மட்டும் பெறப்பட்ட தொழில், பாடமும் தேர்வும் சான்றிதழும் உடைய தொழிலாக மாறத் தொடங்கியது இக்காலத்தேயாம்.

இத்துறையில் தமிழ் நூல் ஆக்கத்திற்கும் இந்நூற்றாண்டு உரியது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க முனைந்தவர். மான்செல் என்பார் எழுதிய மகப்பேற்று நூலின் தமிழாக்கம் அவர் முயற்சியால் ‘பிரசவ வைத்தியம்’ என்னும் பெயரில் 1857இல் வெளிவந்தது. சென்னையில் எட்வர்டு பால்பர் என்னும் மருத்துவ அதிகாரி, கான்குவெஸ்ட் என்பார் இயற்றிய மகப்பேற்று நூலைத் தமிழ் முதலிய தென்னாட்டு மொழிகளில் பெயர்க்கச் செய்து வெளியிட்டார். கலைச்சொல் வரலாற்றை ஆராய்வார்க்கு இவை பெருஞ்செல்வம். ஆயினும் கிறீனிடம் பயின்ற மாணவர் ஆடவர். ஊர் மருத்துவச்சியரோ பெரும்பாலும் எழுத்தறியாதவர். நூலைப் படிக்க வல்லவர் பேற்றறையினுள் புகார். புகுவோர் நூலைப் படியார். அறிவு எழுத்தில் ஏறிய காலத்தும் அவ்வாயில் திறந்தபாடில்லை.

அதனைத் திறக்க வேண்டின் பெண்களே கற்றல் வேண்டும் என்பதை உணர்ந்தோருள் ஒருவர் மேரி சார்லீபு அம்மையார். வழக்கறிஞராகிய கணவரோடு 1866இல் சென்னைக்கு வந்த அவர், ஆண் மருத்துவரைக் காண இசையாத மகளிர் பேற்று நோவில் துணையின்றி மடிவதைக் கேள்வியுற்றார். அவர் முதலிற் பெற்றது சென்னை மகப்பேற்று மருத்துவமனையில் மருத்துவச்சிப் பயிற்சியே. அது போதாது எனக் கண்டு, பால்பரின் ஆதரவால் 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். அவ்வாண்டில் ஆண்டுச் சேர்ந்த மகளிர் நால்வர். பின்னர் இலண்டன் சென்று 1882இல் பட்டம் பெற்று, 1883இல் சென்னைக்கு மீண்டார். சாதிக் கட்டுப்பாடும் கோஷா முறையும் உடைய மகளிர்க்கென 1885இல் தொடங்கப்பெற்ற மருத்துவமனை அவர் முயற்சியின் பயன். கோஷா ஆஸ்பத்திரி எனச் சென்னை மக்கள் வழங்கிய அது, இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக விளங்குகின்றது. 1887இல் அம்மையார் உடல்நலம் குன்றித் தாய்நாடு திரும்பினார்.

அந்நூற்றாண்டின் இறுதியில் திண்டிவனத்தில் நிகழ்ந்ததும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஒரே இரவில் மூன்று வீட்டார், ஒருவர்பின் ஒருவராக, ஐடா ஸ்கடர் என்னும் இளம்பெண்ணைப் பேறு பார்க்க அழைத்தனர். அவர் மருத்துவம் கல்லாதவர். மருத்துவராகிய தம் தந்தையை அழைத்துச் செல்லுமாறு வேண்டினார். ஆடவரை உள்ளே விட இயலாது என மூவரும் மறுத்துச் சென்றனர். மூன்று பெண்களும் இறந்தனர். அதன்பின் அவர் அமெரிக்கா சென்று மருத்துவம் கற்று 1900இல் தமிழகம் மீண்டதும், வேலூரில் 1918இல் மகளிர்க்கு மருத்துவப் பள்ளி நிறுவியதும் பலரும் அறிந்தன. தாயுமானவர் கதையும் இந்நிகழ்ச்சியும் ஒரே வாயிலின் முன் நிகழ்ந்தவை. முன்னதில் இறைவன் பெண்ணுருக் கொண்டு உட்புகுந்தான். பின்னதில் உட்புகுவார் ஒருவரும் இலராயினர்.

பழியும் உண்மையும்

புதிய மருத்துவம் பரவிய காலை, தாய் சேய் இறப்புக்கு ஊர் மருத்துவச்சியின் அறியாமையே காரணம் என்னும் கருத்தும் உடன் பரவியது. அதன்கண் உண்மை இல்லாமல் இல்லை. கைகளின் தூய்மையின்மையும் கருவிகளின் தூய்மையின்மையும் உயிரைக் கவர்ந்தன. ஆயின் இக்குறை அவளுக்கே உரியதன்று. வியன்னா நகரப் பெரிய மருத்துவமனையில் மகப்பேற்றுப் பகுதிகள் இரண்டு இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர் பயின்றனர். மற்றொன்றில் மருத்துவச்சி மாணவியர் பயின்றனர். 1846இல் முன்னதில் தாயர் நூற்றுவரில் 11 பேர்க்கு மேல் இறந்தனர். பின்னதில் 3 பேர்க்கும் குறைவு. பிணங்களை அறுத்து ஆய்ந்த கையோடு மாணவர் பேறு பார்க்க வருதலே காரணம் எனக் கண்ட செம்மெல்வைசு, 1847இல் சுண்ணாம்புக் குளோரைடு கரைத்த நீரில் கைகழுவுதலைக் கட்டாயமாக்கினார். இறப்பு விரைந்து குறைந்தது. ஆகவே கொன்றது கல்லாமை மட்டும் அன்று, கழுவாத கை. அது கற்றவரிடத்தும் இருந்தது.

இவ்வுண்மை நம் நாட்டில் நடுநிலையோடு எண்ணப்பெற்றிருப்பின், பழைய மருத்துவச்சியரின் கையறிவைக் காத்து, தூய்மை முறையை மட்டும் அதனோடு சேர்த்திருத்தல் கூடும். பயிற்சித் திட்டங்கள் இல்லாமற் போகவில்லை. 1903இல் கர்சன் சீமாட்டியார் தொடங்கிய விக்டோரியா நினைவு உதவி நிதி, வழிவழி மருத்துவச்சியரைப் பயிற்றுவதற்கென்றே அமைந்தது. ஆயின் பயிற்றுவோர் அவர்க்குக் கற்பித்தனரேயன்றி, அவர் அறிந்ததைக் கேட்டு எழுதி வைக்க முற்பட்டோர் மிகச் சிலர். 1926ஆம் ஆண்டின் சென்னைச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் பயிற்சி பெற்றோரைப் பதிவு செய்ய வழிவகுத்தது. தமிழகத்தில் மருத்துவச்சி என்னும் தொழிலுக்குச் சட்டத்தின் ஏற்பு இதனால் கிடைத்தது. அதே வேளையில், பதிவேட்டில் இடம் பெறாத பழைய மருத்துவச்சி சட்டத்தின் கண்ணுக்கும் புலனாகாதவள் ஆயினாள்.

முடிவுரை

2019 முதல் 2021 வரை நிகழ்ந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99க்கு மேற்பட்ட பேறுகள் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்ந்துள்ளன. எண்ணற்ற தாயரும் சேயரும் இதனாற் பிழைத்தனர் என்பதில் ஐயமில்லை; மீண்டும் பழைய நிலைக்குச் செல்லுதல் வேண்டும் என்று எவரும் கூறார். இதனோடு இயைபுடைய மற்றொன்றும் நிகழ்ந்துள்ளது. இயல்பான பேற்றுக்கு அறுவையினும் பொறுமையும் உடனிருக்கும் துணையுமே வேண்டப்படும் எனத் தேர்ந்து, மருத்துவச்சிப் பணியைத் தனித்துறையாக வளர்க்கும் வழிகாட்டு நெறிகளை இந்திய அரசு 2018இல் வெளியிட்டது. நற்றிணை காட்டிய செவிலியின் பெயர் இன்று மருத்துவமனைப் பணியாளர்க்கும், ஊர்தோறும் கருவுற்ற மகளிரைக் கண்டு பேணும் சுகாதாரச் செவிலியர்க்கும் வழங்குகின்றது. சொல் மீண்டு வந்துள்ளது. அதன் நெடிய வரலாறு இன்னும் எழுதப்படவில்லை.

இவ்வரலாற்றுக்கு இலக்கியமும் கல்வெட்டும் போதா என்பது மேற்கூறியவற்றால் விளங்கும். வேண்டுவது கள ஆய்வு. ஊர்களில் முதுமையுற்று வாழும் மருத்துவச்சியர் இன்னும் சிலர் உளர். குழந்தையின் கிடக்கை நிலைகளுக்கும், நோவின் வகைகளுக்கும், நச்சுக்கொடியின் பகுதிகளுக்கும், காயமருந்தின் சரக்குகளுக்கும் அவர் வழங்கும் சொற்களுள் பல அகராதிகளில் ஏறாதவை. வட்டாரந்தோறும் அவற்றைத் தொகுத்தல் மொழியாராய்ச்சிக்கும் சமுதாய வரலாற்றுக்கும் ஒருங்கே பயன் தரும். சுமைதாங்கிக் கற்களையும் அவை நின்ற இடம், பொறித்த பெயர், ஆண்டு ஆகியவற்றோடு பதிவு செய்தல் வேண்டும். சாலைகள் அகலமாகுந்தோறும் அவை அகற்றப்படுகின்றன. முதுகலை மாணவர் இவ்விரு பணிகளையும் தத்தம் ஊரிலிருந்தே தொடங்கலாம். தம்மை ஏந்திய கை யாருடையது எனத் தம் வீட்டு முதியோரைக் கேட்டலே அதற்கு முதற்படியாகும்.